கிரேக்கம் படித்தவர் தேங்காய் திருவுவது எப்படி

புதிதாக இறையியல் பட்டம் பெற்றவர்களுக்கான எளிய கையேடு

இந்தக் கையேடு இரண்டு வகையாருக்கு. பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியிலிருந்து பெட்டி படுக்கையோடு இறங்கி வந்தவர்கள் ஒரு வகை. பகலில் கந்தோர், பின்னேரம் வகுப்பு என்று கொழும்பிலேயே நாலைந்து வருடம் ஓடிப் படித்தவர்கள் மற்ற வகை. நான் இரண்டாவது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றையும் நானே செய்து பார்த்தேன்; எல்லாமே கைமேல் பலன் தந்தன. ஒரு வருடத்துக்குள் சபையில் பாதிப் பேர் என்னைக் கண்டால் பக்கத்து வாசலால் போகத் தொடங்கினார்கள். வீட்டில் அந்த வசதி இல்லை. தெஹிவளையில் நாங்கள் இருக்கும் அனெக்ஸுக்கு ஒரே வாசல்.

பட்டம் பெற்றவர் தங்கச்சி ஒருவராக இருந்தால் இதை வாசிக்கத் தேவையில்லை. படித்த காலம் முழுக்கத் தேங்காயும் அவர்தான் திருவியிருப்பார்.

1. சான்றிதழை மாட்டுங்கள்

வீட்டுக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். ஆனால் தெஹிவளையில் வாடகைக்கு இருப்பவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்கார அன்ரி முற்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுவார். ஆகவே சட்டம் போட்ட சான்றிதழ் பிரிட்ஜுக்கு மேலே, சுவரில் சாய்ந்தபடி நிற்கும். அதற்கு முன்னால் கரண்ட் பில், பிள்ளையின் இருமல் மருந்து, ரப்பர் பாண்ட் போட்ட கறிவேப்பிலைப் பை. மனம் தளர வேண்டாம். ஐஸ் தண்ணீர் எடுக்க வருபவர்களாவது பார்ப்பார்கள்.

2. முதற் பிரசங்கத்திலேயே கிரேக்கத்தை இறக்குங்கள்

யோவான் 21ஆம் அதிகாரம் இதற்கென்றே எழுதப்பட்டது போலிருக்கும். உயிர்த்த இயேசு பேதுருவிடம் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று தரம் கேட்கிறார். முதலிரண்டு தரமும் கேள்வியில் வரும் வினைச்சொல் ‘அகபாவோ’. பேதுருவின் பதிலில் எப்போதும் ‘பிலேயோ’. மூன்றாம் தரம் இயேசுவும் ‘பிலேயோ’வுக்கு இறங்கி வருகிறார். இந்த வித்தியாசத்தில் பெரிய பொருள் இல்லை, யோவான் ஒரே கருத்துக்குச் சொல்லை மாற்றி மாற்றிப் போடுகிறவர் என்று அறிஞர் பலர் சொல்வதை நீங்களும் படித்திருப்பீர்கள். அதைச் சபைக்குச் சொல்லிவிடாதீர்கள். பிரசங்கம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான் நாற்பத்தைந்து நிமிடம் எடுத்தேன். அடுத்த சிங்கள ஆராதனைக்கு வந்தவர்கள் வெளியே வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். மொறட்டுவைப் பக்கம் போகிறவர்கள் 100ஆம் நம்பர் பஸ்ஸை நினைத்து நெளிந்தார்கள். முடிந்ததும் வாசலில் கைகொடுக்க நின்றேன். குருநகரில் பிறந்து, வள்ளத்திலேயே பாதி ஆயுள் போன முதியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல பிரசங்கம் தம்பி. அந்தக் கரையில நெருப்பில கிடந்தது என்ன மீன்?”

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வினைச்சொல்லுக்கும் ஆறு பக்கக் குறிப்பு வைத்திருந்தேன். அதே அதிகாரத்தில் கரிநெருப்பும், அதன்மேல் மீனும், பக்கத்தில் அப்பமும் இருந்ததை நான் தாண்டிப் போயிருந்தேன்.

3. மொழிபெயர்ப்பைத் திருத்துங்கள்

இதற்கு ஏற்ற இடம் மாமியார் வீட்டு ஜெபவேளை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வசனத்தை வாசித்து முடித்ததும், “மூலத்தில் அப்படி இல்லை, மாமி” என்று ஆரம்பியுங்கள்.

கொஞ்சம் சரித்திரமும் சேர்க்கலாம். பிலிப்பு தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் இதே கொழும்பில் ஒல்லாந்தர் காலத்தில் அச்சேறியது. பிறகு யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்க்க, பக்கத்தில் இருந்து உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர், அசல் சைவர். அது 1850இல் வெளிவந்தது. பாதிரிமார் பலருக்குப் பிடிக்கவில்லை. 1871இல் பவர் ஐயரின் திருப்புதல் வந்து நிலைத்தது. இன்றும் மாமியாரின் மடியில் இருப்பது அதுதான். இத்தனை பேர் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய தமிழை, மூன்று தவணைக் கிரேக்கத்தை வைத்துக்கொண்டு பின்னேரம் ஏழு மணிக்கு நீங்கள் நேராக்குகிறீர்கள்.

என் மாமியார் கடைசிவரை கேட்டார். பிறகு, “அப்ப நாற்பது வருசமா நான் பிழையாத்தான் ஜெபிச்சனான் போல” என்று வேதாகமத்தை மூடினார். அன்றைக்கு இடியப்பத்துக்குச் சொதி வரவில்லை.

4. குடும்பத்தை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுங்கள்

நீங்கள் படித்த வருடங்களில் பீஸ் கட்டியது யாருடைய சம்பளம் என்பதைப் பட்டமளிப்பு நன்றியுரையோடு மறந்துவிட வேண்டும். தொலைபேசியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அடித்தால் முதல் மணியிலேயே எடுங்கள். பிள்ளை ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் கையைக் காட்டி நிறுத்துங்கள். மனைவி கேட்டால் ஜோன் வெஸ்லியைக் காட்டுங்கள்: குதிரையில் இரண்டரை இலட்சம் மைல் போனவர் என்று சொல்வார்கள்.

வெஸ்லியின் கதையை அதோடு நிறுத்திவிடுவதுதான் புத்தி. அவர் 1751இல் மேரி வசேல் என்ற விதவையை மணந்தார். கலியாணம் ஆனாலும் பயணத்தையும் பிரசங்கத்தையும் குறைப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. அந்த அம்மா பலமுறை கோபித்துக்கொண்டு போனார், கடைசியில் பிரிந்தே வாழ்ந்தார். 1781இல் அவர் இறந்தபோது, அடக்கம் முடிந்த பிறகுதான் வெஸ்லிக்குச் செய்தி போனது. உலகம் முழுக்க மெதடிஸ்த சபைகள் அவர் பேரைச் சொல்கின்றன. என் மனைவி மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர். இந்தக் கதை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

5. நோயாளரைச் சந்திக்கப் போகும்போது தயாரிப்போடு போங்கள்

களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு ஆச்சி ஒருவரைப் பார்க்கப் போனேன். துன்பத்தைப் பற்றி யோபு புத்தகத்திலிருந்து மூன்று குறிப்பு மனப்பாடம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமியதும் ஆச்சி சொன்னார்: “தம்பி, அந்த மிஸ்ஸிட்டச் சொல்லி இந்தப் போத்தலுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி எடுத்துத் தாரும்.”

இறந்துபோன மொழி இரண்டு படித்து வைத்திருக்கிறேன். அந்த வார்டில் உயிரோடு இருந்த மொழி சிங்களம். பிலிமத்தலாவைக்காரர் இதில் முந்திவிடுவார்கள். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து, பிரெஸ்பிட்டேரியன் சபைகள் நான்கும் சேர்ந்து 1963இல் தொடங்கிய இறையியல் கல்லூரி அது. சிங்களமும் தமிழும் ஒரே வளவில் புழங்கும். மாலை வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து ஓடிய எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் கையைக் காலை ஆட்டினேன். தாதி என்னைப் பார்த்தார், பிறகு ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி மெதுவாக எழும்பி உட்கார்ந்து, “மிஸ், உணு வத்துர டிக்கக்” என்றார். தண்ணீர் வந்தது. மேசையிலிருந்த பணிஸ் ஒன்றையும் எடுத்து என் கையில் தந்தார். யோபுவைப் பற்றி இருவரும் பேசவில்லை.

6. எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருங்கள்

‘நல்லவர் கடவுள், தீமை ஏன்?’ என்ற கட்டுரைக்கு நான் நல்ல புள்ளி வாங்கியவன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை, கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் என்று இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டுகள் வெடித்தன. மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் தெஹிவளையிலும், மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்து விடுதியில். அடுத்த ஞாயிறு கத்தோலிக்கர் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் திருப்பலி பார்த்தார்கள். அதன் பிறகு ஆலய வாசலில் பை திறந்து காட்டாமல் உள்ளே போக முடியாத காலம்.

மே மாதம் நோன்பு தொடங்கியது. நான் அறைக்குள் இருந்து, சபைக்குச் சொல்வதற்கென்று தீமையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். மேல்மாடி முஸ்லிம் அக்கா, வருடாவருடம் போலக் கஞ்சிப் பாத்திரத்தோடு. ஆனால் அந்த வருடம் படியிலேயே நின்றுவிட்டார். தட்டியும் விட்டார், வரலாமா என்றும் தெரியவில்லை. என் மனைவி பாத்திரத்தை வாங்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். “என்னக்கா புதுசா நிக்கிறீங்க, வாங்கோ” என்றார். இருவரும் குசினியில் இருந்து வெகுநேரம் கதைத்தார்கள், கொஞ்சம் அழுதார்கள்.

என் கட்டுரை இரண்டாம் பக்கத்தில் நிற்கிறது. அதை முடிக்கும் வழியை இந்தக் கையேட்டில் சேர்க்க முடியாததற்கு வருந்துகிறேன்.

7. தேங்காய் திருவுதல்

ஒரு ஞாயிறு விடிய நான் பிரசங்கக் குறிப்போடு மேசையில் இருந்தேன். மறுபடியும் யோவான் 21. இந்த முறை வலையில் அகப்பட்ட 153 மீன்களின் கணக்கு. பிள்ளை சப்பாத்து ஒன்றைக் காணவில்லை என்று கத்துகிறது. மனைவி கேட்டார்:

“இஞ்சேருங்கோ, இரா முழுக்க மீன் பிடிச்சுக் களைச்சு வந்த ஆக்களுக்கு அவர் முதல் என்ன கேட்டவர்? கிரேக்கத்திலயோ கேட்டவர்?”

நான் பக்கத்தைத் திருப்பினேன். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். அவர்கள் கரை சேர்வதற்குள் அடுப்பும் மூட்டியிருக்கிறார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அந்த மூன்று கேள்வியும்.

“அப்ப எழும்பி இதைத் திருவுங்கோ” என்று பாதித் தேங்காயைக் கையில் தந்தார்.

இனிமேல் சொல்வது மட்டும் உண்மையான செய்முறை. திருவலையில் நன்றாகக் குந்தி இருங்கள். பாதித் தேங்காயை உள்ளங்கையில் ஏந்தி, ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே இடத்தில் அழுத்த வேண்டாம். மெதுவாகச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். வெள்ளை முடியும் இடம் கைக்குத் தெரியும், அங்கே நிறுத்திவிட வேண்டும். ஓடுவரை போனால் கறுப்பு விழும், சம்பல் நிறம் கெடும். எதையும் ஓடு தெரியும்வரை சுரண்டியே தீர வேண்டும் என்று பழகிய கைக்கு இது உடனே வராது.

அன்றைக்குப் பிரசங்கம் பன்னிரண்டு நிமிடம். சிங்கள ஆராதனைக்கு வந்தவர்கள் நிழலிலேயே நின்றார்கள். குருநகர் ஐயா கைகொடுத்தபோது, என்ன மீன் என்று இன்னும் தெரியாது என்றேன். “சுட்டவருக்குத் தெரியும்தானே” என்றுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

இப்போது ஞாயிறுகளில் தேங்காய் என் பொறுப்பு. மனைவி வந்து கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

“கறுப்பு விழுந்திருக்கு” என்கிறார். “போன கிழமையை விடக் குறைவு.”