இரண்டாவது மின்கிடார் தேர்வு: ஓர் ஆய்வு
(தீக்குச்சி இயலுடன்)

முதல் கிடாரைப் பற்றி ஆய்வு தேவையில்லை. அது பிறந்தநாளுக்கு வந்தது, அல்லது சித்தப்பா மகன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனது, அல்லது கடைக்காரர் கையில் திணித்தது. தேர்வு என்ற ஒன்று அங்கே நடக்கவே இல்லை. நடக்காததற்கு இலக்கணம் வகுப்பது நம் பல்கலைக்கழகங்களில் வழக்கம்தான். இக்கட்டுரை அவ்வளவு உயரத்துக்கு ஆசைப்படவில்லை. இரண்டாவது கிடாரோ அறிந்தே தேர்ந்தெடுக்கப்படுவது. இரவெல்லாம் யோசித்து, பத்துப் பேரிடம் கேட்டு, பதினோராவதாகத் தோன்றியதை வாங்குவது. ஆதலின் ஆய்வுக்குரியது என்க.

ஆய்வு எல்லை வருமாறு. மின்கிடார் ஒன்றை ஏற்கெனவே உடையவர், ரூ.30,000க்கு மேல் ரூ.50,000க்குள் செலவிட எண்ணுபவர். அந்த ஒரே கருவியில் மெலடியும் வர வேண்டும், ராக்கும் வர வேண்டும், கோவில் திருவிழாக் கச்சேரிக்கும் ஆக வேண்டும் என்பவர். இவர் பொருட்டே இந்நூல் எழுந்தது. அன்னார்க்குக் கிடார் வாசிக்க வருமா என்ற வினா எல்லைக்குப் புறம்பானது. ‘அஃதெப்படிப் புறம்பாகும்?’ எனின், டெலிகாஸ்டரையும் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் உலகுக்குத் தந்த லியோ ஃபெண்டருக்கே கிடார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுது பார்த்தவர் அவர். செய்தவருக்கே வேண்டாத தகுதியை வாங்குபவரிடம் கேட்பது முறையன்று.

விலை இருவகைப்படும்: கடையில் கொடுப்பது, வீட்டில் சொல்வது. முன்னதை வெளிப்படை என்றும் பின்னதைக் குறிப்பு என்றும் கொள்க. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ‘நடுத்தர பட்ஜெட்’ எனப்படுகிறது (வீட்டார், வாய்மொழி, பில்லைக் கண்டெடுத்த நாள்).

நிற இயல்: கறுப்பு வேண்டாம், விரல் ரேகை தெரியும்.

எடை இயல்: நான்கு கிலோவுக்கு மேற்பட்டதை நின்றபடி வாசிப்பவர் இரண்டாவது பாட்டுக்குள் நாற்காலி கேட்பார்.

இனி மூலக் கருதுகோளுக்கு வருவோம். கூறியது கூறல் குற்றம் என்று நம் இலக்கணிகள் நூலுக்கு வகுத்த விதி கிடாருக்கும் பொருந்தும். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் கொண்ட கிடார் வீட்டில் இருக்க, அதே மூன்று சிங்கிள் காயிலை வேறு நிறத்தில் வாங்கி வருபவர் இரண்டாவது கிடார் வாங்கவில்லை. முதல் கிடாரை இன்னொரு முறை வாங்கியிருக்கிறார். இது சொல்லித் தெரிய வேண்டியதா என்று கேட்கலாம். கடையில் நின்று பாருங்கள், தெரியும்.

பிக்கப்தான் மின்கிடாரின் செவி. காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள், மேலே எஃகுத் தந்தி அதிர்கிறது, காந்தப்புலம் குலைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சுருள் ஒன்றானால் சிங்கிள் காயில். ஒலி தெளிவாக, கூராக இருக்கும். ஆனால் அந்தச் சுருள் தந்தியை மட்டும் கேட்பதில்லை. சுவரில் ஓடும் மின்கம்பியையும் டியூப் லைட்டையும் சேர்த்தே கேட்கும். அந்த இரைச்சலை இழுக்கு என்பர் பொதுமக்கள். இவ்வாய்வு அவ்வாறு கருதவில்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறி ஓடுகிறது. மேல்நாட்டு ஸ்வரவரிசையில் தாழ்ந்த ‘ஜி’ ஏறக்குறைய 49. ஆக, இந்தியாவில் பிளக்கில் செருகிய ஒவ்வொரு சிங்கிள் காயிலும் கேட்காமலேயே ‘ஜி’க்குச் சற்று மேலே சுருதி போட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் அது 60. எந்த ஸ்வரத்திலும் சேராமல் இரண்டுக்கு நடுவே தொங்குகிறது. தம்பூராவுக்குத் தனியே ஆள் வைக்க வேண்டாத நாடு எது என்பதை அறிஞர் ஓர்க. (மறுப்பு: மாடி வீட்டார், இரவு 11 மணி, படிக்கட்டில் நின்றபடி.)

இரைச்சலை விரும்பாதவருக்காக கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் ஒரு வழி கண்டார். சுருள் இரண்டு, காந்தத் திசையும் சுற்றும் திசையும் ஒன்றுக்கொன்று எதிர். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடுகிறது, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இதுவே ஹம்பக்கர். 1955 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959 இல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இன்று அந்த ஸ்டிக்கருக்காகவே மனிதர் கடன் வாங்குகிறார்கள். ஆய்வாளர் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. 1960களில் ஸ்டிக்கரில் காப்புரிமை எண்ணையே அச்சிட்டார்கள். அந்த எண் ஹம்பக்கருடையது அன்று. லெஸ் பால் என்ற கிடார்க் கலைஞர் தந்தி மாட்டும் பாகம் ஒன்றுக்காகப் பெற்ற வேறொரு காப்புரிமையின் எண். நம் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் அடிக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. எண் இருக்கிறது, அழகாக அச்சாகியும் இருக்கிறது. போய்ப் பார்த்தால் அங்கே வேறெதுவோ இருக்கிறது.

இப்போது மர இயல். கிடார் அறிஞர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எவரும் முதலில் கேட்பது, ‘பாடி என்ன மரம்?’ மஹோகனி என்றால் கண்ணை மூடி ‘வார்ம்’ என்பார். ஆஷ் என்றால் ‘ஸ்நாப்’ என்பார். பாஸ்வுட் என்றால் துக்கம் விசாரிப்பார். தந்தியின் அதிர்வில் மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆம்பைப் போட்டு, டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து, மேளமும் சேர்ந்த பிறகு அந்தப் பங்கைக் காதால் பிரித்தறிவேன் என்பவரின் கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு கிடாரை வாசித்துக் காட்டுங்கள். அறிஞருக்கு அன்று பார்த்து ஜலதோஷம் இருக்கும்.

லெஸ் பால் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாலங்குலச் சதுரப் பைன் கட்டையில் தந்தி கட்டி வாசித்தார். மக்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு பழைய எபிஃபோன் கிடாரை இரண்டாக அறுத்துக் கட்டையின் இருபுறமும் இறக்கைபோல ஒட்டினார். ஒலியில் மாற்றம் வரவேண்டிய அவசியமே இல்லை, கூட்டம் கைதட்டியது. டேன்எலெக்ட்ரோ கிடாரோ அழுத்திய அட்டைப் பலகையால் ஆனது. அதைத்தான் லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் ‘காஷ்மீர்’ பாட்டுக்கு மேடையில் தோளில் மாட்டினார். அட்டைப் பலகையின் ‘வார்ம்’ பற்றி யாரும் இதுவரை உரை எழுதவில்லை.

‘அற்றேல், ஒலி எங்கே இருக்கிறது?’ எனின், தீக்குச்சியில் இருக்கிறது என்பது இவ்வாய்வின் முடிபு. சான்றுகள் வருமாறு.

குயீன் குழுவின் பிரையன் மே 1963 முதல் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிடார் செய்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேல்சட்ட மரம். அதில் புழு அரித்த ஓட்டைகள். அவற்றைத் தீக்குச்சி வைத்து அடைத்தார். அதே கிடாரைத்தான் வாழ்நாளெல்லாம் வாசிக்கிறார். சான்று ஒன்று.

1954 இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப் மூன்று, சுவிட்சுக்கு நிலையும் மூன்று. சுவிட்சை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தினால் பக்கத்துப் பக்கத்துப் பிக்கப் இரண்டும் சேர்ந்து, நீர் தெளித்தாற்போல ஓர் ஒலி வருவதை வாசிப்பவர்கள் கண்டார்கள். சுவிட்ச் நிற்கவில்லை, நழுவியது. தீக்குச்சியைச் செருகி நிறுத்தினார்கள். நிறுவனம் ஐந்து நிலைச் சுவிட்சைத் தந்தது 1977 இல். தீக்குச்சி முந்திக்கொண்டது. சான்று இரண்டு.

தோள்வார் மாட்டும் திருகாணி ஆடினால் துளையில் ஃபெவிக்கால் தடவிய தீக்குச்சியை ஒடித்துச் செருகித் திரும்ப முடுக்குவது உலகெங்கும் உள்ள கைவைத்தியம். சான்று மூன்று. கழுத்தின் சாய்வு சரியில்லாவிட்டால் கழுத்தும் உடலும் சேரும் குழியில் தீப்பெட்டி அட்டையைக் கிழித்து வைப்பது பழைய பழக்கம். சான்று நான்கு, குச்சி மட்டுமன்றிப் பெட்டியும் இசைக்கருவியே என்பது இதனால் போதரும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ‘என்ன மரம்?’ என்பதன்று, ‘என்ன குச்சி?’ என்பதே. நம் மாநிலத்தில் தீக்குச்சிக்கென்றே வளர்க்கும் பெருமரம் இருக்கிறது. ஊரில் அதைத் தீக்குச்சி மரம் என்றே சொல்கிறார்கள். மஹோகனிக்காரர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்? சிவகாசிக் குச்சியின் ஒலி சற்றே வறண்டது, கோவில்பட்டிக் குச்சியில் நடுஸ்தாயி தூக்கலாக இருக்கும் என்பார் ஒரு சாரார். குச்சியைச் செருகும்போது மருந்துத் தலை உள்ளே போக வேண்டும் என்பது பழைய மரபு. மருந்தைச் சுரண்டிவிட்டே செருக வேண்டும் என்பது சீர்திருத்த மரபு. இரண்டு மரபினரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை. மெழுகுக் குச்சிக்காரர் என்று மூன்றாம் அணியும் உண்டு. பிக்கப் கீச்சிடாமல் இருக்க அதை உருகிய மெழுகில் முக்கி எடுப்பது தொழிற்சாலைகளில் நடப்பதுதானே, நாங்கள் அதைக் குச்சியிலேயே வைத்திருக்கிறோம் என்பது அவர்கள் வாதம். (காண்க: பக்கத்து வீட்டார், சுவர்வழி உரை, மூன்று தட்டல்; அதற்கு மறுப்பு: என் ஆம்ப், வால்யூம் ஏழு; மறுப்புக்கு மறுப்பு: மேற்படி பக்கத்து வீட்டார், மெயின் சுவிட்ச் வழியாக; மூன்று கருத்தையும் ஒப்பிட்டுச் சமன்செய்தது: வீட்டு உரிமையாளர், ஒரு மாத நோட்டீஸ், இருபுறமும் எழுதப்பட்டது.) பழந்தமிழரிடம் தீக்குச்சி இருந்ததா என்பது இன்னும் இரண்டு கருத்தரங்கு நடந்தால் நிறுவப்பட்டுவிடும். யாழில் ஒரு ஓட்டை மட்டும் யாராவது கண்டுபிடித்துத் தரட்டும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய கிடார் வாங்கலாமா என்பாரும் உளர். வாங்கலாம். இத்துறையின் மூலநூல் ‘விற்பனைக்கு, அவசரம்’ எனத் தொடங்கும் விளம்பரம். (முதற் பதிப்பு: ‘பெட்டி பிரிக்காதது’, இரண்டாம் பதிப்பு: ‘ஒரு முறையே வாசித்தது’, மூன்றாம் பதிப்பு, விலை குறைக்கப்பட்டது: ‘லேசான கீறல்’, நான்காம் பதிப்பு, ஆசிரியர் கண்ணீருடன்: ‘கழுத்து சற்றே வளைந்தது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள்’.) மூன்றாம் பதிப்புக்கும் நான்காம் பதிப்புக்கும் நடுவே வாங்குவது உத்தமம். கழுத்தைத் துப்பாக்கி பிடிப்பதுபோலக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கழுத்தின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கிச் சரிசெய்யக்கூடிய வளைவு வேறு. முறுக்கிக்கொண்ட கழுத்து வேறு. பின்னதை எந்தத் தீக்குச்சியும் காப்பாற்றாது.

ஃபிளாய்ட் ரோஸ் என்னும் அசையும் பிரிட்ஜ்: ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும், மேடையில் ஒற்றைக் கிடாரோடு போகிறவருக்கு ஆகாது.

இனி தீர்ப்பு. முதல் கிடார் மூன்று சிங்கிள் காயில் வகையானால், இரண்டாவதற்கு ஹம்பக்கர் இரண்டு, அசையாத பிரிட்ஜ், குமிழை மேலே இழுத்தால் ஒரு சுருள் மட்டும் ஒலிக்கும் காயில் ஸ்பிளிட் வசதி. எபிஃபோனின் லெஸ் பால், எஸ்ஜி குடும்பத்தில் தேடுங்கள். இவற்றின் தந்தி நீளம் 24.75 அங்குலம், ஃபெண்டர் வகைக்கு 25.5. அந்த முக்கால் அங்குலக் குறைவில் தந்தி இளகும். தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிறவர் விரலுக்கு அது மரத்தின் பெயரைவிடப் பெரிய செய்தி. முதல் கிடாரே ஹம்பக்கர் வகையானால், இரண்டாவதாக டெலிகாஸ்டர் மாதிரி ஒன்று, ஸ்குவையர் பெயரில் வருவதே போதும். முதலாவதை விற்றுவிட்டு ஒன்றே ஒன்றில் எல்லாம் வேண்டும் என்பவருக்கு பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடத்தில் சிங்கிள் காயிலும் கொண்ட அமைப்பு. யமஹா பசிஃபிகா 112வி நெடுநாளாக அந்த வேலையைப் புகார் இல்லாமல் செய்கிறது.

வாங்கும் தொகையில் ரூ.3,000 ஒதுக்கிவையுங்கள். புதுக் கிடார் எதுவும் பெட்டியிலிருந்து சரியாக வந்து நான் பார்த்ததில்லை. தந்தி உயரம், கழுத்து வளைவு, பிரிட்ஜில் சுருதிச் சரிபார்ப்பு எல்லாம் செய்து தர நல்ல கைக்காரர் வேண்டும். செட்டப் செய்த ரூ.30,000 கிடார், செட்டப் செய்யாத ரூ.50,000 கிடாரைவிட நன்றாகவே ஒலிக்கும் (கடைக்கார அண்ணன், நேர்காணல், பில் போட்ட பின், அதே ஆசிரியர், பில் போடும் முன், முற்றிலும் மாறுபட்ட கருத்து). கடையில் ஆம்பில் செருகுமுன் வெறுமனே வாசித்துப் பாருங்கள், ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும். எங்காவது கரகரத்தால் அங்கேயே சொல்லுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் தந்தி ஒரு செட் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும்.

கேபிளையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பெட்டியில் இருக்காது.