லென்ஸ் எட்டும் தூரம்

கேள்வி: புகழ் மட்டும் வேண்டும், படம் போட்டால் கோபம் வருகிறது. பிரபலங்களுக்கு அந்தரங்கம் ஒரு கேடா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் மொட்டைமாடி தெருவிலிருந்து தெரிகிறது. அதற்காக, நீங்கள் அங்கே லுங்கியை உதறிக் கட்டுவதை நான் அட்டைப்படமாகப் போடலாமா?

2012 செப்டம்பரில் பிரான்ஸின் 'க்ளோஸர்' இதழ் இதைத்தான் செய்தது. புரோவான்ஸில் ஒரு தனியார் மாளிகையில் இளவரசர் வில்லியமின் மனைவி கேட் மேலாடையின்றி வெயில் காய்ந்ததை, தொலைவிலிருந்து நீள லென்ஸால் எடுத்த படங்கள். அதில் பொதுநலன் எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், அகப்படவில்லை. பார்க்க ஆசையாக இருப்பதெல்லாம் பொதுநலன் என்றால் பக்கத்து வீட்டுச் சாவித்துவாரம்தான் முதல் பத்திரிகை.

பிரிட்டிஷ் பத்திரிகைகள் அந்தப் படங்களைத் தொடவில்லை. உடனே ஆரத்தி எடுத்துவிடாதீர்கள்! மூன்று வாரம் முன்புதான் 'சன்' நாளிதழ், லாஸ் வேகஸில் இளவரசர் ஹாரி ஆடையின்றி நின்ற படத்தை முதல் பக்கத்தில் போட்டிருந்தது. போதாக்குறைக்கு, பத்திரிகைகளே போன் ஒட்டுக்கேட்ட விவகாரத்தால் அமைந்த லெவெசன் விசாரணையின் அறிக்கை வேறு வரவிருந்தது. பூனை சைவமானது பயத்தால் என்பது என் சந்தேகம்.

வில்லியம்-கேட் தம்பதி 'க்ளோஸர்' இதழிடம் 15 லட்சம் யூரோ இழப்பீடு கேட்டார்கள். 2017-ல் பிரெஞ்சு நீதிமன்றம் கொடுத்தது 1 லட்சம். இதழாசிரியருக்கும் நிறுவனத் தலைவருக்கும் தலா 45,000 யூரோ அபராதம். தீர்ப்பு வர ஐந்து வருடம் ஆனது.

நீங்கள் எதற்கும் லுங்கியைக் கீழேயே கட்டிக்கொண்டு மாடி ஏறுங்கள்.