சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது யார்?

1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தில் 41ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மேலதிகாரி நேரில் இடுகிற முறையான உத்தரவைத் திமிராக மீறினால் 14 ஆண்டு வரை உள்ளே போகலாம். உத்தரவு வாயால் வந்ததா, எழுத்தில் வந்ததா, சிக்னலில் வந்ததா என்ற பேதமெல்லாம் அங்கே எடுபடாது. எல்லாம் ஒன்றுதான் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. சரி, மீறினவன் கதை அது. கீழ்ப்படிந்தவன் கதை? சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு வந்து நிற்கிறவனைப் பார்த்து, சொன்னவரே "நான் எப்போ சொன்னேன்?" என்று கேட்டால்? ஆபீசில் வேலை இல்லாத மத்தியானங்களில் அந்தப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியிருக்கிறேன். அதற்குப் பிரிவு இல்லை.

எங்கள் மேஜர் சாப் நல்ல மனுஷன். லீவு கேட்டால் முகம் சுளிக்கமாட்டார். லங்கரில் பருப்பைத் தானே ஒரு கரண்டி ருசி பார்ப்பார். ஜவானின் ஊர், அவன் பிள்ளை படிக்கிற வகுப்பு, அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது எல்லாம் விரல் நுனியில். தான் இட்ட உத்தரவு விஷயத்தில் மட்டும் அவர் ஞாபகம் ஒரு தினுசு. காரியம் நல்லபடியாக முடிந்தால், எந்த மரத்தடியில் நின்று சொன்னேன் என்பதுவரை சொல்வார். கெட்டுப்போனால் "மைனே கப் போலா?" (நான் எப்போ சொன்னேன்?) என்பார். பொய் சொல்கிற முகமே இருக்காது. அதுதான் கஷ்டம். நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

வடக்கே ஒரு கண்டோன்மென்டில் இருந்தோம். ஜெனரல் ஒருவர் பார்வையிட வருவதாகச் செய்தி. பட்டாளத்தில் யாராவது வருகிறார் என்றால் கேரு-சூனாவும் வரும். மரங்களுக்கு அடியில் இடுப்பளவு காவி, அதற்கு மேல் ஒரு சாண் வெள்ளைப் பட்டை. பாதையோரக் கற்களுக்கு முழு வெள்ளை. மேஜர் சாப் கைப்பிரம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே நடந்தார். "இதுக்கு, இதுக்கு, இதுக்கும்." பின்னால் வந்த சுபேதார் சாப் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு "ஜீ சாப்" போட்டார். சுண்ணாம்பில் கோந்து கலந்து, ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பையன்கள் குந்திக்கொண்டு அடித்தார்கள். ஒருவன் தூக்கக் கலக்கத்தில் பக்கத்தில் கிடந்த பூசணிக்காய்க்கும் அடித்துவிட்டான்.

ஜெனரல் ஜீப்பிலிருந்து இறங்கினார். கற்களைப் பார்த்தார். "இங்கே சண்டைக்கு ஆள் தயார் பண்றீங்களா, கல்யாண மண்டபம் தயார் பண்றீங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார். மேஜர் சாப் சட்டென்று திரும்பி, "சுபேதார் சாப், இதை யார் செய்யச் சொன்னது?" என்றார். அந்த மனுஷன் தன் சர்வீசில் இப்படி எத்தனை கேள்வி பார்த்திருப்பாரோ! விறைப்பாக நின்று, "மேலிருந்து ஹுக்கும், சாப்" என்றார். "மேலிருந்துன்னா எங்கிருந்து?" சுபேதார் சாப் பதில் சொல்லாமல் வானத்தைப் பார்த்தார். ஜெனரலும் ஒரு தடவை மேலே பார்த்தார்.

அன்று சாயங்காலமே கம்பி பிரஷ் வாங்கிச் சுண்ணாம்பைச் சுரண்டினோம். அடுத்து வந்தது ஒரு பிரிகேடியர். அவருக்கு ஒழுங்கு முக்கியம். "கல்லெல்லாம் ஏன் இப்படி மொட்டையாகக் கிடக்கு?" என்று மேஜர் சாப் முந்திக்கொண்டு எங்களைக் கேட்டார். சுரண்டச் சொன்னதும் அவருக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் ஹெட் கிளார்க் சாப் பாலக்காட்டுக்காரர். பட்டாளத்து ஆபீசில் மலையாளி ஹெட் கிளார்க் இல்லாவிட்டால்தான் அதிசயம். மேஜர் சாப்பின் இந்த மறதி நோய்க்கு அவர்தான் வைத்தியர். "எடோ, சாப் கிட்ட எழுதிக் கொடுங்கன்னு கேட்கவே கூடாது. கேட்டால் நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். அவராகவே எழுதணும், எழுதினது அவருக்கே தெரியக்கூடாது" என்பார். சாதாரண வியாதிக்குச் சாதாரண மருந்து: உத்தரவைக் காது கேட்காதவர் மாதிரி நாலு பேர் நடுவே சத்தமாகத் திருப்பிச் சொல்வது. வயர்லெஸ்ஸில் செய்தியைத் திருப்பிச் சொல்லப் பட்டாளமே பழக்கியிருப்பதால் யாரும் கோபப்பட முடியாது. கொஞ்சம் முற்றினால் ஸ்டோர். சுண்ணாம்பு வேண்டுமென்றால் வவுச்சர் வேண்டும். வவுச்சரில் எதற்காக என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே அதிகாரி கையெழுத்து வேண்டும். இருபது கையெழுத்துக்கு நடுவில் இருபத்தோராவதாக அதை வைத்தால், உத்தரவு தானாகக் காகிதத்தில் ஏறிவிடும்.

சிவிலியன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று என் மைத்துனர் பீற்றிக்கொள்வார். மத்திய அரசு ஆபீசில் வேலை. 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், மேலதிகாரி வாய்மொழி உத்தரவைக் கூடியவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்று இருக்கிறதாம். போதாக்குறைக்கு, முன்னாள் கேபினட் செயலர் டி.எஸ்.ஆர். சுப்ரமணியனும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 2013இல் சுப்ரீம் கோர்ட்டும் வாய்மொழி உத்தரவை நம்பி அதிகாரிகள் காரியம் செய்யக்கூடாது என்றது. நடத்தை விதி பட்டாளக்காரனுக்குப் பொருந்தாது. அப்படியே பொருந்தினாலும், குண்டு விழும்போது "சார், ஒரு லெட்டர்" என்று கேட்க முடியுமா?

உத்தரவு எழுத்தில் இருந்தாலும் தப்பிக்க முடியாது என்பதற்கு, பிரிட்டிஷ் பட்டாளம் ரஷ்யர்களோடு மோதிய பாலக்லாவா சண்டை சாட்சி. 1854 அக்டோபர் 25. மேட்டில் நின்ற தளபதி ராக்லன் பிரபுவின் உத்தரவை ஏரி என்ற அதிகாரி பென்சிலில் எழுத, கேப்டன் நோலன் குதிரையில் கொண்டுவந்தார். எதிரியைப் பீரங்கிகளைக் கொண்டுபோக விடாதே என்று இருந்தது. பள்ளத்தில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூகன் பிரபுவின் கண்ணுக்கு ஒரு பீரங்கியும் தெரியவில்லை. "எந்தப் பீரங்கி?" என்றார். நோலன் பொத்தாம்பொதுவாகக் கையை நீட்டினார். சுமார் 670 குதிரை வீரர்கள் தப்பான பள்ளத்தாக்கில் ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்குள் போனார்கள். நோலன் முதலிலேயே செத்துவிட்டார். கையை எந்தப் பக்கம் நீட்டினாய் என்று கேட்க ஆள் இல்லை. ராக்லன் பழியை லூகன் மேல் போட்டார். லூகன் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். இருந்தும் அவரைத்தான் ஊருக்குத் திருப்பி அழைத்தார்கள். பின்னாளில் அவரே ஃபீல்டு மார்ஷல் ஆனார், அது வேறு விஷயம். சீட்டு இன்றும் லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹெட் கிளார்க் சாப்பிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஆபீஸ் காப்பி எங்கே?"

அவருடைய கடைசி மருந்தை நான் பார்த்தது, மேஜர் சாப்பே நோயாளியாக வந்தபோது. ஸ்கூல் பிள்ளைகளின் பிக்னிக்குக்கு லாரி அனுப்பும்படி எங்கள் கமாண்டிங் ஆபீசர், அதாவது சி.ஓ., டெலிபோனில் சொல்ல, இவர் அனுப்ப, பிரிகேடிலிருந்து கேள்வி வந்துவிட்டது. சி.ஓ., "லாரியா? நான் எப்போ சொன்னேன்?" என்றாராம். மேஜர் சாப் எங்கள் ஆபீசில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "ஒருத்தர் இப்படிப் பேசலாமா?" என்று எங்களையே கேட்டார். நாங்கள் கூரையைப் பார்த்தோம்.

ஹெட் கிளார்க் சாப் ஒரு நோட்டிங் வரைவு போட்டார். "டெலிபோனில் தாங்கள் இட்ட வாய்மொழி உத்தரவின்படி" என்று தொடங்கியது. முதல் வரியிலேயே ஒரு எழுத்துப் பிழை. எனக்குத் திக்கென்றது. மனுஷன் இங்கிலீஷில் புலி. நான் சொல்ல வாயெடுத்தேன், மேஜைக்கடியில் காலை மிதித்தார். மேஜர் சாப் படித்தார், "என்ன ஹெட் கிளார்க் சாப், இதுகூடவா?" என்று சிரித்து, பேனாவை எடுத்துத் திருத்தி, ஓரத்தில் ஒரு வாக்கியமும் சேர்த்து, "டைப் அடிங்க" என்று போனார். பிழை இல்லாத வரைவைப் பார்த்தால் அதிகாரிக்குக் கை வராது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது சி.ஓ. உள்ளே வந்தார். கூடவே மேஜர் சாப். என் தோளுக்கு மேலாக டைப்ரைட்டரில் இருந்ததைப் படித்துவிட்டார்.

"யார் இதை எழுதச் சொன்னது?"

மேஜர் சாப் என்னைப் பார்த்தார். டைப்ரைட்டரைப் பார்த்தார். "தெரியலையே சார். நான் எப்போ..." என்று ஆரம்பித்தார்.

ஹெட் கிளார்க் சாப் ஒன்றும் பேசவில்லை. ஃபைலைத் திறந்து, வரைவு இருந்த பக்கத்தைச் சி.ஓ. பக்கமாகத் திருப்பி வைத்து, அட்டென்ஷனில் நின்றார். சி.ஓ. அந்தத் திருத்தத்தை நிதானமாகப் பார்த்தார். ஓரத்தில் இருந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஸ்பெல்லிங் எல்லாம் சரியாகத்தான் இருக்கு, மேஜர்" என்றார்.