அரைப்படி நெல்லுக்கு ஒரு திரைக்கதை

பூதலூர் ஸ்டேஷனில் ஒரு சினிமா கம்பெனி மேனேஜர் லொகேஷன் பார்க்க வந்து இறங்குகிறார் என்று வையுங்கள். கக்கத்தில் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. அட்டையைத் தாண்டியிருக்க மாட்டார்.

“வயலு, வாய்க்காலு, பக்கத்துலயே கல்லணை. ட்ரோனை ஏத்துனா அள்ளிக்கும்ணே. கதையிலதான் லேசா கை வைக்கணும்” என்பார்.

கதை இதுதான்: வயல்வேலைக்காரர்கள் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள்; செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பத்தினர் 44 பேரைப் பண்ணையார் தரப்பினர் குடிசையோடு கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

“சாதியச் சொல்ல வேணாம், சென்சார்ல மியூட் பண்ணிடுவான். பண்ணையார் நல்லவரு, கணக்குப்பிள்ளை கெட்டவன். தீ, மின்கசிவுன்னு வெச்சுக்கலாம். 44 பேரு பட்ஜெட் தாங்காது. நாலு பேர் போதும். நடவுக்கு ஒரு பாட்டு.”

நடவுக்கே இப்போது வடக்கேயிருந்து ஆள் வருகிறது என்று சொன்னால், “பாட்டுக்கும் அங்கேருந்துதான் ஆள் வருது” என்பார்.

மேனேஜரை மட்டும் வைது என்ன பயன்? அவருக்கு முன்பே இந்தக் கதையில் கை வைத்தவர்கள் பெரிய இடத்துக்காரர்கள். பண்ணையார் தரப்புக்கு நாகப்பட்டினம் கோர்ட் கொடுத்த பத்தாண்டுத் தண்டனையை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைப்பார்களா என்று சந்தேகப்பட்டது. அதைவிட நல்ல திரைக்கதையை எந்தக் கம்பெனியும் எழுதாது. வில்லனுக்குக் கார் இருந்தால் போதும், கிளைமாக்ஸ் தேவையில்லை.

அப்புறம், மேனேஜர் கக்கத்தில் இருக்கும் அந்த நாவல். 1975-இல் வந்தது. பண்ணையாரின் ஆண்மைக்குறையைக் கொடூரத்தின் வேராக்கியது. கூலிச் சண்டையைப் படுக்கையறைச் சங்கதி ஆக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இருந்தது. 1977-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

1983-இல் ஸ்ரீதர் ராஜன் அதைக் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று படமாக்கினார். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது வந்தது. 1995-இல் ‘குருதிப்புனல்’ என்ற பெயரே வேறொரு படத்துக்குப் போனது. அது ஓர் இந்திப் படத்தின் ரீமேக். அதில் வெண்மணியும் இல்லை, நெல்லும் இல்லை. டீக்கடையில் ‘குருதிப்புனல்’ என்று சொல்லிப் பாருங்கள். “கமல் படமா?” என்பார்கள்.

கோர்ட்டுக்குக் கார் கிடைத்தது. நாவலுக்கும் படத்துக்கும் விருது கிடைத்தது. மிச்சமிருந்த தலைப்பையும் ஒருவர் எடுத்துக்கொண்டார். செத்தவர்களுக்கு மட்டும் அந்த அரைப்படி நெல் வந்து சேரவில்லை.

இன்று கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் தள்ளி வைக்கிறார்கள். நெல்லில் ஈரம் பார்க்க மெஷின் இருக்கிறது. நெஞ்சில் பார்க்கத்தான் இல்லை.

மேனேஜர் ஐயா, படம் முடிந்ததும் உங்கள் கம்பெனியில் டிரைவர் வரைக்கும் பெயர் ஓடவிடுவீர்கள். வெண்மணி நினைவிடத்தில் 44 பெயர் இருக்கிறது. முதலில் அதை ஓடவிடுங்கள். அதற்கு மனசு வராவிட்டால், அடுத்த ரயிலுக்கே ஸ்டேஷனுக்குத் திரும்புங்கள்.