பதக்கம் வாங்கியவர் கணக்குக் கேட்டார்

கேள்வி: போரைக் கொள்ளை லாப வியாபாரம் என்று சாடுகிறவர்கள், போர்க்களத்தையே பார்க்காதவர்கள்தானே?

பதில்: ஸ்மெட்லி பட்லரிடம் அந்த வாதம் எடுபடாது. 1898-ல், 16 வயதில், வயதைக் கூட்டிச் சொல்லி அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தவர். சீனாவில் குண்டடி பட்டவர். அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை இரண்டு முறை பெற்றவர். 1931-ல் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்று, 1935-ல் ‘வார் இஸ் எ ராக்கெட்’ (போர் ஒரு கொள்ளை வியாபாரம்) என்ற சிறு நூலை எழுதினார்.

கேள்வி: விருதில் மோகம் உள்ளவரோ?

பதில்: இல்லை. 1914-ல் மெக்சிகோவின் வெராக்ரூஸ் சண்டைக்காகத் தந்த விருதை, அதற்குத் தகுதியாக எதுவும் செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். வைத்துக்கொள்ள வேண்டும், அணியவும் வேண்டும் என்று மேலிடம் உத்தரவிட்டுவிட்டது.

கேள்வி: அந்த நூலில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: வரவு செலவு. வெடிமருந்து விற்ற டூபான்ட் நிறுவனத்தின் ஆண்டு லாபம், முதல் உலகப் போருக்கு முன் சராசரி 60 லட்சம் டாலர். போர்க்காலத்தில் 5 கோடியே 80 லட்சம் என்கிறார். ஐரோப்பாவுக்குப் போன வீரர்களுக்காக 2 கோடி கொசுவலை வாங்கினார்களாம், ஒன்றுகூட பிரான்ஸ் போய்ச் சேரவில்லையாம்.

எதிர்ப்பக்கத்தில் சிப்பாயை நிறுத்துகிறார். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பாதி குடும்பத்துக்குப் பிடித்தம், காப்பீட்டுக்கு 6 டாலர். மிச்சத்தில் போர்க் கடன் பத்திரம் வேறு வாங்க வைத்தார்கள். 100 டாலருக்கு வாங்கிய பத்திரத்தை, ஊர் திரும்பி வேலை கிடைக்காமல் நின்றபோது, 84-க்கும் 86-க்கும் விற்றார்கள் அந்தப் பையன்கள். உயிரைக் கொடுக்கப் போனவனிடமே வட்டம் பிடித்த அந்த இடத்தை என்னால் நிதானமாகப் படிக்க முடியவில்லை.

கேள்வி: பட்லரின் கை மட்டும் சுத்தமா?

பதில்: சுத்தமில்லை. 1914 டிசம்பரில் ஹைட்டியின் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை மரைன்கள் கப்பலேற்றி நியூயார்க்குக்கு எடுத்துப் போனார்கள். மறு ஆண்டு அமெரிக்கப் படை அந்த நாட்டையே பிடித்தது. அங்கே ரிவியேர் கோட்டையைக் கைப்பற்றியதற்குத்தான் பட்லருக்கு இரண்டாவது விருது. பிறகு ஹைட்டி காவற்படைக்குத் தலைவரானார். ஊர் மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துச் சாலை போட்டார். 1917-ல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அமெரிக்காவின் நேஷனல் சிட்டி வங்கி வசூல் செய்யத் தோதாக ஹைட்டியை ஆக்கிக் கொடுத்தேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் நூலில் அவர் விடும் கண்ணீர் அமெரிக்கச் சிப்பாய்களுக்கே. சாலை போட்ட ஹைட்டிக்காரருக்கு அதில் பங்கில்லை, அது எனக்கு உறுத்துகிறது.

கேள்வி: ஓய்வுக்குப் பின் வீரர்களுக்காக என்ன செய்தார்?

பதில்: முதல் உலகப் போர்ச் சேவைக்காக 1945-ல் தருவதாகச் சொன்ன போனஸை இப்போதே கொடுங்கள் என்று 1932-ல் முன்னாள் வீரர்கள் வாஷிங்டனில் கூடாரமடித்தபோது, அங்கே போய் அவர்கள் பக்கம் நின்று பேசினார். ஜூலை 28-ல் ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தர் தலைமையில் ராணுவம் கண்ணீர்ப்புகை, குதிரைப்படை, டாங்கிகளோடு வந்து அவர்களை விரட்டியது.

கேள்வி: லாப வேட்டைக்கு அவர் சொன்ன மருந்து?

பதில்: இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே முதலாளிகள், வங்கியாளர்கள், ஆயுத ஆலை நிர்வாகிகளைக் கட்டாயத்தில் எடு; அவர்களுக்கும் அதே 30 டாலர்தான். போர் வேண்டுமா என்ற வாக்குரிமை, போய்ச் சாக வேண்டியவர்களுக்கு மட்டும். படைக்கு வேலை, சொந்த மண்ணைக் காப்பது மட்டும்.

கேள்வி: ஹிட்லர் வந்தபின் இந்த வாதம் நிற்குமா?

பதில்: கடைசி யோசனை நிற்காது. எல்லோரும் சொந்தக் கரையோடு நின்றிருந்தால் ஐரோப்பாவின் கதி என்ன? 1940 ஜூனில், பிரான்ஸ் வீழ்ந்த நாட்களில் பட்லர் இறந்தார். ஆனால் கணக்குக் கேட்டது சரிதான். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, 1941-ல், முதல் உலகப் போரில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த செனட்டர் ட்ரூமன் தலைமையில் ராணுவ ஒப்பந்தங்களைத் துருவ ஒரு குழு அமைந்தது. ஒப்பந்தக்காரர்களின் மிதமிஞ்சிய லாபத்தைத் திரும்ப வாங்க 1942-ல் சட்டமே வந்தது.