ஆயிரம் ரூபாய் தண்டவாளம்

எங்கள் ஊரில் மலை கிடையாது. புதுச்சேரிக்காரன் அறிந்த உச்ச உயரம் கோரிமேடு. அந்த மேட்டிலும் யாரும் காற்று வாங்க ஏறுவதில்லை; ஜிப்மரில் சீட்டுப் போட விடியற்காலையில் ஏறுகிறார்கள். ஆகவே அறுபது வயதில் எனக்கு மலை ரயில் ஆசை வந்தபோது வீட்டில் சிரித்தார்கள். "பீச்ல நாலு ரவுண்டு நடந்தா ஆவாதா?" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. என் மருமகன் எந்தெந்தச் சாமியை வேண்டினானோ, மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை ஒரு சீட் வாங்கிக் கொடுத்துவிட்டான்.

மேட்டுப்பாளையம் எங்களுக்கு மேற்கே. நான் வடக்கே புறப்பட்டேன். சென்னை வரை பஸ், அங்கிருந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். மூக்கைத் தொடுவதற்குத் தலையைச் சுற்றுவது எங்களுக்குப் பழகிய உடற்பயிற்சி. ஏன், உங்கள் ஊரில் ரயில் நிலையமே இல்லையா என்று வெளியூர்க்காரர் கேட்பார். இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட 1879-இல் விழுப்புரத்திலிருந்து ஒரு பாதை வந்து, கடலைப் பார்த்ததும் நின்றது. பிரெஞ்சுக்காரன் போனான். மீட்டர் கேஜ் போனது. பாதை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரயில்வே வரைபடத்தில் புதுச்சேரி ஒரு முட்டுச்சந்து.

அந்தச் சந்தை உடைக்க ஒரு திட்டமும் இருக்கிறது. சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர் என்று கடலோரமாகவே 179 கிலோமீட்டர். என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதன் பெயரைக் கேட்டேன். இப்போது அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். நடுவில் சில ஆண்டுகள் ரயில்வேயின் நிதி ஒதுக்கீட்டுப் பட்டியலான பிங்க் புக்கில் இந்தப் பாதைக்கு ஒதுக்கிய தொகை 1,000 ரூபாய். கோடியும் இல்லை, லட்சமும் இல்லை. மொய்க் கவரில் ஒரு ரூபாய் சேர்த்து வைத்தால் கல்யாணத்துக்குக் கொடுக்கலாம், அந்த ஆயிரம். திட்டம் செத்துவிட்டது என்று சொல்லாமல் இருப்பதற்கான அடையாளத் தொகை அது என்று விளக்குகிறார்கள். ஆஸ்பத்திரியிலும் இப்படி உண்டு. உயிர் இருக்கிறதா என்று உறவினர் கேட்டால் மூக்கருகே பஞ்சைப் பிடித்துக் காட்டுவார்கள்.

நான் கணக்குப் பிள்ளையாக வேலை பார்த்தவன். 1,000 ரூபாயை 179-ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 58 காசு. மீதி 1 ரூபாய் 18 காசு; அது அதிகாரிகளின் பயணப்படியாக இருக்கலாம். இந்தக் கணக்குத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வியாதி. எதை வாங்கினாலும் அது எத்தனை கிலோமீட்டர் தண்டவாளம் என்று மனம் கணக்குப் போடுகிறது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஒரு காப்பி குடித்தேன். 20 ரூபாய். புதுச்சேரியிலிருந்து முத்தியால்பேட்டையைத் தாண்டிவிட்டேன்.

மலை ரயிலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல்வரிசை தொடங்குகிறது. என்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 12 அடி நகர்ந்தால் 1 அடி உயரம். என்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது. டிரைவருக்கு முன்பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்தளத்திலும் ஒரு பிரேக்ஸ்மேன், கையில் பச்சைக்கொடி, சிவப்புக்கொடி. முதல் பெட்டியில் நிற்பவரின் கொடிதான் டிரைவரின் கண். மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில், பாறையை உரசிக்கொண்டு, 16 குகைகள், 208 வளைவுகள், 250 பாலங்கள். 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் ஆகிறது. ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் குடிக்கிறது, குரங்குகள் நம் வடையைத் தின்கின்றன. ஐந்து மணி நேரமும் நான் குழந்தை மாதிரி வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சீட் பையன் மட்டும் எதையும் பார்க்கவில்லை. மலைக்கு முதுகைக் காட்டித் தன் முகத்தையே படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பாதை 1854-இல் பேச்சாகத் தொடங்கி 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்தது. நடுவில் கட்ட வந்த கம்பெனி ஒன்று திவாலானது. சுவிட்சர்லாந்திலிருந்து என்ஜின் வந்தது. இவ்வளவும் யாருக்காக? சென்னை வெயிலில் வியர்த்த துரைமார்களுக்குக் குளிர் தேவைப்பட்டது. வெள்ளைக்காரனுக்கு வியர்த்ததற்கு ஒரு மலையைக் குடைந்தார்கள். நமக்கு வியர்ப்பதற்குத் தட்டை நிலத்தில், உப்பளத்து ஓரம், ஒரு குகைகூடத் தேவைப்படாத இடத்தில் பாதை போட ரயில்வேயால் முடியவில்லை. கடற்கரை சமதளமாக இருப்பதுதான் இடைஞ்சலோ என்னவோ. நாங்களும் ஒரு செங்குத்து மலை வைத்திருந்தால் யாராவது துரை ஏறியிருப்பான்.

போகிற வழியில் ரன்னிமீட் என்று ஒரு ஸ்டேஷன். 1215-இல் இங்கிலாந்து மன்னன் குடிகளின் உரிமைச் சாசனத்துக்கு முத்திரை வைத்த புல்வெளியின் பெயர். அதை நீலகிரிக் காட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ரூ துமா, ரூ ரோமன் ரோலான் என்று எங்கள் ஊர்த் தெருப் பெயர்களில் வாய் கோணிப் பழகிய எனக்கு ரன்னிமீட் சுலபமாகவே வந்தது. அந்தக் காட்டு ஸ்டேஷனில்தான் 2020 டிசம்பர் நினைவுக்கு வந்தது.

கொரோனாவைச் சொல்லி மக்களின் மலை ரயிலை நிறுத்தி வைத்திருந்த மாதம் அது. அதே தண்டவாளத்தில், அதே மலையில், ஒரு தனியார் கம்பெனி வாடகைக்கு எடுத்த ரயில் ஓடியது. டிக்கெட் 3,000 ரூபாய். விமானத்தில் போல உடுத்திய பணிப்பெண்கள் உபசரித்தார்கள். ஊர் கொதித்தது. இது தனியார்மயம் இல்லை, வாடகைக்கு விட்டது மட்டும்தான் என்று ரயில்வே விளக்கம் கொடுத்தது. வீட்டை விற்கவில்லை, வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டுக் கூடத்தை வாடகைக்கு விட்டோம் என்று பொருள். அந்த வைரஸும் மரியாதை தெரிந்த வைரஸ். 3,000 கொடுத்தவரை அது தொடாது.

இப்போது என் வியாதிக் கணக்குக்கு வாருங்கள். 3,000 ரூபாயை 5 ரூபாய் 58 காசால் வகுத்தால் சுமார் 537 கிலோமீட்டர். ஊட்டி போன ஒரே ஓர் ஆளின் டிக்கெட் பணம், சென்னையிலிருந்து கடலூர் வரை மூன்று தடவை தண்டவாளம் போடப் போதும். இரண்டு கணக்கையும் எழுதியது ஒரே ரயில்வேதான். ஓர் அறையில் ஒருவன் மலையைப் பார்க்க 3,000 கேட்கிறான். அடுத்த அறையில் ஒருவன் மூன்று நகரங்களுக்கும் வழியிலிருக்கும் மீனவக் குப்பங்களுக்கும் சேர்த்து 1,000 எழுதுகிறான். நடுச்சுவரில் ஒரு ஜன்னலாவது வைத்திருக்கக் கூடாதா?

குன்னூரில் ஒரு பெரியவர் ஏறினார். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "அப்பெல்லாம் இது எங்க ஷிப்டு வண்டிங்க. சாப்பாட்டுத் தூக்கோட ஏறி இறங்குவோம். இப்ப ஏறுனா, அங்கிள் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பிரேம்ல வர்றீங்கன்றாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிரேமில் வருவதற்கும் ஒரு தகுதி வேண்டும். 2022-இல் இதே பாதையோரம் எழுப்பிய சுவர் ஒன்று யானைகளின் வழியை மறித்தது. தண்டவாளத்தில் யானைக்கூட்டம் திண்டாடிய காணொளி வெளியானது. நாடு பதறியது, சுவரை இடித்தார்கள். யானைக்கு நியாயம் கிடைத்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் ஞாயிறு சாயங்காலம் புதுச்சேரி பஸ் நிலையத்தில் சென்னை பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்தையும் தினம் ஆயிரம் போன்கள் படம் எடுக்கின்றன. யாரும் பதறியதாகத் தெரியவில்லை. எங்களுக்குத் தும்பிக்கை இல்லாதது பெரிய குறை.

ஊரில் எங்களுக்கு ஒரு மில் இருந்தது. ஏ.எஃப்.டி. 1898-இல் பிறந்தது, இந்த ரயிலுக்கு ஒரு வயது மூத்தது. பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட அதன் சங்கை 2020-இல் நிறுத்தினார்கள். ஒரு வயது இளைய ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தது. பஞ்சுத் தூசு பறக்கும் கொட்டகையைப் பின்னணியாக வைத்து யாரும் கல்யாண ஆல்பம் எடுப்பதில்லை, அதுதான் வித்தியாசம். பாரம்பரியம் என்ற சொல்லை எங்கள் ஊரைப் போல உச்சரிப்பவர் இல்லை. உச்சரித்துக்கொண்டிருக்கும்போதே 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் மேரி என்ற பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம் மொத்தமாக உட்கார்ந்தது. பிறகு அதே போல இன்னொன்று கட்டித் திறந்தார்கள். அசலைக் காப்பாற்றாமல் நகல் எடுத்துத் திறப்பு விழா நடத்துவதே எங்கள் தொல்லியல் முறை.

ரயிலைக் கேட்டால் எங்கள் தலைவர்கள் என்ஜினைக் காட்டுகிறார்கள். டில்லியிலும் இங்கும் ஒரே கூட்டணி, இரட்டை என்ஜின் அரசு என்று மேடைக்கு மேடை முழக்கம். மலை ரயில் ஒற்றை என்ஜினில் ஏறுகிறது ஐயா, அதுவும் பின்னாலிருந்து தள்ளி! எங்களிடம் இரண்டு இருக்கிறது, தண்டவாளம்தான் இல்லை. முந்தைய கட்சிக்காரர்கள் இதைப் படித்துக் கைதட்ட வேண்டாம். டில்லியிலும் புதுச்சேரியிலும் நீங்களே உட்கார்ந்திருந்த ஆண்டுகள் உண்டு. அப்போதும் என்ஜின் இரண்டுதான், பெயர்தான் கண்டுபிடிக்கப்படவில்லை. மக்களவையில் எங்களுக்கு ஒரே ஓர் எம்.பி. முன்தளத்தில் கொடியோடு நிற்கவேண்டிய பிரேக்ஸ்மேன் அவர். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் பின்னால் திரும்பி என்ஜினைப் பார்த்துக் கும்பிட்டபடி நிற்கிறார். கையில் இருப்பது கட்சிக்கொடி.

ஊட்டியில் இறங்கி வீட்டுக்கு 100 ரூபாய்க்கு வர்க்கி வாங்கினேன். சுமார் 18 கிலோமீட்டர், காலாப்பட்டைத் தாண்டிவிடும்.

திரும்பும்போதும் அதே சுற்று. சென்னையில் இறங்கி, காலை பத்து மணி வெயிலில் ஈ.சி.ஆர். பஸ் பிடித்தேன். மாமல்லபுரம் வரை நின்றுகொண்டு வந்தேன். மரக்காணத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை ஓரங்கட்டி, பத்து நிமிஷம், டீ குடிக்கிறவங்க குடிக்கலாம் என்றார் கண்டக்டர். கடைக்கு எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம், ஒரு மேடு பள்ளம் கிடையாது. ஒரு டீ, இரண்டு பஜ்ஜி, 35 ரூபாய். ஆறே கால் கிலோமீட்டர். கடைக்காரர் சில்லறையாக 5 ரூபாய் நாணயத்தை நீட்டினார். ஒரு கிலோமீட்டருக்கு இன்னும் 58 காசு குறைகிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போனார். கண்டக்டர் விசில் அடித்தார்.