அப்பா ஆறாம் வகுப்பு படிக்கிறார்

திருவண்ணாமலையில் ஆறாம் வகுப்புப் பெற்றோரின் கல்வித்தரம் உயர்ந்துவருவது பாராட்டுக்குரியது. ராஜகோபுரம் 217 அடி, பதினொரு நிலை. எழுப்ப மன்னர்களுக்கே ஆண்டுக்கணக்கானது. நம்மூர் அப்பாக்கள் ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கி விடிவதற்குள் தெர்மாகோலில் நிறுத்திவிடுகிறார்கள். ஏழாம் நிலையில் ஃபெவிகால் தீர்ந்தால், தேரடித் தெருவில் சாத்திய கடையைத் தட்டித் திறக்கவைப்பதும் பாடத்திட்டத்தில் சேர்த்திதான். கலசங்களுக்குச் சாக்பீஸில் ஜிகினாத்தாள் சுற்றுவது அம்மா. பிள்ளை குறுக்கே வராமல் தூங்க வேண்டும்; அதுதான் முக்கிய ஒழுங்குவிதி.

முப்பருவ முறை வந்த 2012-13இல், செயல்பாடுகள் அடங்கிய வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். யாருடைய செயல்பாடு என்று கறாராகக் கேட்காததில் என்னவொரு பெருந்தன்மை!

ஒரே வேண்டுகோள்: பௌர்ணமிக்கு மறுநாள் ஒப்படைப்பு கேட்காதீர்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த காலோடு அம்மா எப்படி உலக வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவார்? வேண்டுமானால் பிள்ளையே விடுப்புக் கடிதம் எழுதட்டும்: “அம்மாவுக்குக் கால்வலி. ஆகவே என்னால் வீட்டுப்பாடம் செய்ய இயலவில்லை.” பருவம் முழுக்க அவன் சொந்தக் கையால் எழுதியது அது ஒன்றுதான். அதற்கு மதிப்பெண் கிடையாது.

பெற்றோர் கலங்க வேண்டாம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்குவதில்லை.